மூணு ஜி இருக்காங்க

அன்று திங்கட்கிழமை. ஆடி பிறக்க இன்னும் பத்து நாள் இருந்தது. இந்தக் கணக்கில் எனக்குப் பிழை வராது. ஏனென்றால் அந்த வருடம் ஆறாம் வகுப்பில் தமிழம்மா எங்களை நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருந்தார். மற்றப் பிள்ளைகள் காலையில் எழுந்ததையும் பல் துலக்கியதையும் எழுதினார்கள். நான் கரண்ட் போன நேரம், வந்த நேரம், தெருவில் தண்ணீர் விட்ட நேரம் எல்லாவற்றையும் எழுதினேன். ஆகவே அன்று மாலை ஆறு இருபதுக்கு அப்பாவின் செல்போன் அடித்ததும், பேசியவர் போளூரிலிருந்து மாப்பிள்ளையின் அண்ணன் என்பதும் பதிவில் இருக்கின்றன.

மாப்பிள்ளை என்றது அத்தைக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையை. அத்தை அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். அண்ணாமலையார் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் வேலை. மாப்பிள்ளை சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் இருந்தார். அவருக்கு முன்னால் மூன்று வீட்டார் வந்து அத்தையைப் பார்த்துவிட்டு, கேசரி சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை.

அத்தையின் இடது கன்னத்தில், காதோரம் தொடங்கி உதட்டுப் பக்கம் வரை, வெள்ளையாக ஒரு திட்டு இருந்தது. நான்கு வருடமாக மெல்ல வளர்ந்து வந்தது. வீட்டில் யாரும் அதன் பெயரைச் சொல்வதில்லை, 'அது' என்பார்கள். நாள்தோறும் பார்க்கிற முகமானதால் எனக்கு அது ஒரு சங்கதியாகவே படவில்லை. மூன்று வீட்டாரும் திரும்பி வராததற்கு அம்மா கேசரியில் முந்திரியைக் கம்மி பண்ணியதுதான் காரணம் என்று நான் உண்மையாகவே நம்பினேன்.

இந்த முறை அப்பா முன்னெச்சரிக்கையாக, வலது கன்னம் மட்டும் தெரிகிற படமாக எடுத்து அனுப்பியிருந்தார். நாணயங்களில் தலைவர்கள் ஒருபக்கமாகத் தெரிவதைப் பார்த்திருந்ததால் அதிலும் எனக்கு வியப்பில்லை. பதிலுக்கு வந்த படத்தில் மாப்பிள்ளை மஞ்சள் நிற ஹெல்மெட் அணிந்து ஒரு கப்பல் முன்னால் நின்றார். படம் இரண்டு பக்கமும் பிடித்துப்போனது. நேரில் வர அவருக்கு விடுப்பு இல்லை. ஆடி பிறந்துவிட்டால் ஒரு மாதம் கல்யாணப் பேச்சை எடுக்க முடியாது. அதற்குள் போளூருக்கு வேறு ஜாதகம் வந்துவிடும். அதனால் சனிக்கிழமை, பௌர்ணமியன்று, பெண்ணும் பிள்ளையும் போனிலேயே முகம் பார்த்துப் பேசிவிடட்டும் என்று அண்ணன்காரர் யோசனை சொன்னார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"உங்க வீட்டுல த்ரீ ஜி இருக்கா சார்?"

இங்கே எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். செங்கம் சாலையிலிருந்து உள்ளே போகும் தெருவில், மாடியில் ஓர் அறையும் பின்கட்டில் ஓர் அறையும் வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். ஆசிரமத்துக்கு வந்து மாதக்கணக்கில் தங்குகிறவர்கள். வடக்கிலிருந்து வருகிறவர்கள் அப்பாவை 'ஜி' என்றார்கள், அம்மாவை 'மாதாஜி' என்றார்கள். அப்பாவும் திருப்பி அவர்களை 'ஜி' என்றார். நாளடைவில் எங்கள் வீட்டு அகராதியில் ஜி என்றால் குடியிருப்பவர் என்று பொருளாகிவிட்டது. 'ஜி தண்ணி கேட்டாங்க', 'ஜி துணி காயுது' என்றெல்லாம் பேசுவோம். அந்த மாதம் மாடியில் நாக்பூரிலிருந்து வந்த அக்கா தங்கை இருவர். பின்கட்டில் இந்தூரிலிருந்து வந்த ஒரு பெரியவர்.

"இருக்காங்களே!" என்றார் அப்பா. "மாடியில ரெண்டு பேரு, பின்னாடி ரூம்ல ஒருத்தரு. மூணு பேருமே தங்கமானவங்க."

அண்ணன்காரர் விடவில்லை. "இல்ல சார்... த்ரீ ஜி கேட்டேன்."

"அதாங்க, மூணு ஜி. போன மாசம் அஞ்சு ஜி இருந்தாங்க. ரெண்டு பேரு காசிக்குப் போய்ட்டாங்க."

உலகத்தில் யார் கையிலும் ஐந்தாம் தலைமுறைப் போன் இல்லாத காலத்தில், அது எங்கள் பின்கட்டில் குடியிருந்து காசிக்குப் போய்விட்டதாக அறிவித்தவர் என் அப்பா ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அத்தை கூடத்தில் பூத்தொடுத்துக்கொண்டிருந்தவள் நாரை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். முடியாமல் சுவரில் சாய்ந்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்பா போனைக் கையால் மூடிக்கொண்டு, "இன்னாடி சிரிப்பு?" என்றார்.

"அண்ணா, அவரு நெட்டக் கேக்கறாரு. போன்ல வர்ற நெட்டு. ஜிய இல்ல."

அப்பா தொண்டையைச் சரிசெய்துகொண்டு போனில், "அதுவும் இருக்குதுங்க" என்றார். இல்லை. எங்கள் வீட்டில் இருந்தது பொத்தான் வைத்த ஒரு போன். அதில் டார்ச் நன்றாக எரியும்.

மறுநாள் செவ்வாய், பள்ளி விட்டதும் நானும் அப்பாவும் தேரடித் தெருவில் ஒரு செல்போன் கடைக்குப் போனோம். அத்தை லாட்ஜிலிருந்து நேராக அங்கே வந்துவிட்டாள். கடைக்காரர் எங்கள் முன்னால் ஒரு டச் போனை வைத்தார். அப்பா அதைத் தொடாமல், "இந்த ரெண்டு ஜி, மூணு ஜின்னா என்னாப்பா வித்தியாசம்?" என்று கேட்டார். முந்தைய நாள் பட்டது அவருக்குப் போதும்.

"சிம்பிள்ணே. டூ ஜின்னா பௌர்ணமி அன்னைக்கி தர்ம தரிசனம். போய்ச் சேருவீங்க, ஆனா எப்பனு கேக்கக்கூடாது. த்ரீ ஜின்னா டிக்கெட் எடுத்துப் போற தரிசனம். சட்டுனு உள்ள, சட்டுனு வெளிய."

"அப்ப ஒன் ஜி?" என்றாள் அத்தை.

"அது ரோட்டுல நின்னு கோபுரத்தப் பாத்துக் கும்புட்டுட்டுப் போறது."

"ஃபோர் ஜி?"

"வி.ஐ.பி. தரிசனம்க்கா. நம்ம ஊருக்கு இன்னும் வரல."

அத்தை சிரித்தாள். கடைக்காரர் அவள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, பார்வையைப் போனுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு விளக்கினார். பேசுவதற்கும் மெசேஜ் அனுப்புவதற்கும் டூ ஜியே போதும். முகம் பார்க்க வேண்டுமானால்தான் டேட்டா ஜாஸ்தி வேண்டும், அதற்குத்தான் த்ரீ ஜி. டவர் சரியில்லாத இடத்தில் போன் தானே கீழே இறங்கிவிடும். திரையின் மேல் மூலையில் ஓர் எழுத்து தெரியும். ஜி என்றால் ஆமை, ஈ என்றால் சைக்கிள், எச் என்றால் பஸ். எச் இருந்தால் மட்டும் முகம் வரும்.

"வெறுமனே பேசறதுக்கு டூ ஜி போதுமா?" என்று அத்தை மறுபடி கேட்டாள்.

"தாராளமா."

அன்றிரவிலிருந்து எச் தேடுவது என் பொறுப்பாயிற்று. எனக்கு வேறு யாரும் கொடுக்கவில்லை; நானே எடுத்துக்கொண்டேன். நாட்குறிப்பில் வீட்டின் வரைபடத்தைப் போட்டு, ஒவ்வோர் இடத்திலும் நின்று, வந்த எழுத்தை நேரத்தோடு எழுதினேன். பூஜை அலமாரி: ஜி. கூடம், சன்னல் பக்கம்: ஈ. கூடம், சுவர்ப் பக்கம்: ஒன்றுமில்லை. அடுப்படிக்குள் போய் நின்று, "இங்க ஈ!" என்று கத்தினேன்.

அம்மா கரண்டியைப் போட்டுவிட்டுத் திரும்பினாள். "என் அடுப்படியில ஏதுடி ஈ? எங்க காட்டு."

"இதோம்மா, மேல."

அம்மா முந்தானையை வீசியபடி மேலே பார்த்தாள். இரண்டு நாளாக ஜிக்கள் முன்னால் நான் 'வீடு பூரா ஈ' என்று சொல்லித் திரிந்ததை நினைத்து அவளுக்கு மானம் போயிருந்தது. நாக்பூர்க்காரர்களுக்குத் தமிழ் தெரியாது என்று அத்தை ஆறுதல் சொன்ன பிறகுதான் அடங்கினாள்.

புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு நான் எச்சைக் கண்டுபிடித்தேன். மொட்டைமாடியில், கருப்புத் தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்கே, மலைக்கு முதுகைக் காட்டி நின்றால், துணிக்கொடியின் மூன்றாவது கம்பத்துக்கு அடியில். ஓரடி தள்ளினால் ஈ. அந்த இடத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் போட்டேன். வியாழன் காலை, வியாழன் மாலை, வெள்ளி காலை, வெள்ளி மாலை நான்கு முறையும் வட்டத்துக்குள் எச் வந்தது. அத்தை என்னை 'இன்ஜினியரம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

வெள்ளி இரவு அம்மாவும் அத்தையும் கண்ணாடி முன்னால் நின்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் கையில் ஒரு சின்னக் கிரீம் டப்பா இருந்தது.

"கொஞ்சூண்டு தடவிக்கோம்மா. படத்துல தெரியாது."

"கல்யாணத்துக்கு அப்புறம்?"

"அப்புறம் சொல்லிக்கலாம். பழகிட்டா ஒன்னும் இல்ல."

"லாட்ஜுக்கு போன் பண்றவங்க என் குரலக் கேட்டு ரூம் போடறாங்க அண்ணி. நேர்ல வந்ததும் என் மூஞ்சியப் பாத்துட்டு ரிஜிஸ்டரப் பாக்க ஆரம்பிச்சிடறாங்க. அப்புறம் நான் என்ன பேசினாலும் அவங்க காதுல விழறதில்ல."

அம்மா டப்பாவை மூடிவிட்டு அத்தையின் தலையைத் தடவினாள். நான் பாயில் படுத்தபடி, எதற்கு இவர்கள் கிரீமைப் பற்றிப் பேசுகிறார்கள், வட்டத்துக்குள் எத்தனை பேர் நிற்கலாம் என்பதல்லவா முக்கியம் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை பௌர்ணமி. காலையிலிருந்தே செங்கம் சாலையில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். கிரிவலக் கூட்டம் தெருமுனையில் ஆறு மாதிரி போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளைக்கு அரைநாள் வேலை. நம் நேரம் நாலரைக்குக் கூப்பிடுவதாக ஏற்பாடு. நாலு மணிக்கே மொட்டைமாடி நிரம்பிவிட்டது. அப்பா புதுச் சட்டை போட்டிருந்தார். அம்மா பாயசத்தைக் கொதிக்க விட்டுவிட்டு ஓடிவந்தாள். மூன்று ஜிக்களும் வந்துவிட்டார்கள். தங்கள் பெயரால் நடக்கும் காரியம் என்று அவர்களுக்கு ஓர் உரிமை. நாக்பூர் ஜிக்கள் அத்தையின் மயில்கழுத்துப் பச்சைப் புடவையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அத்தை கிரீம் போட்டிருக்கவில்லை. நான்கு இருபதுக்கு எச் இருந்தது. எழுதிக்கொண்டேன்.

"குடு குட்டி, ஸ்கிரீன் பூரா உன் விரல் ரேகை. தொடச்சித் தரேன்" என்று அத்தை போனை வாங்கினாள். தொட்டிப் பக்கம் திரும்பி நின்று முந்தானையால் துடைத்தாள். சற்று நேரம் துடைத்தாள். திருப்பித் தந்தபோது சரியாக நாலரை; போன் அடித்தது.

திரையில் ஒரு நெற்றி வந்தது. நெற்றிக்கு மேல் மஞ்சள் ஹெல்மெட்டின் விளிம்பு. சிங்கப்பூரில் வீட்டுக்குள்ளும் ஹெல்மெட் போடுவார்கள் போலிருக்கிறது என்று நான் நினைத்து முடிப்பதற்குள் நெற்றி சதுரம் சதுரமாக உடைந்து அப்படியே நின்றுவிட்டது. "ஹ...லோ... கே..." என்று ஒரு குரல் கிணற்றிலிருந்து வருவது போல் வந்து அறுந்தது. மேல் மூலையைப் பார்த்தேன். ஈ.

வட்டத்துக்குள்தான் நின்றேன். போனை உயரத் தூக்கினேன். மலைப் பக்கம், தெருப் பக்கம், தொட்டியின் மேல், கொடிக்கம்பத்தைச் சுற்றி. ஈ, ஈ, ஈ.

"பௌர்ணமிக் கூட்டம்" என்றார் அப்பா, தலையில் கைவைத்து. "ஊர் பூரா போனு. டவர் தாங்குமா?"

"நெட்வொர்க் பிஸி, ஜி" என்று இந்தூர் ஜி துக்கம் விசாரிப்பவர் போலச் சொன்னார்.

கூட்டத்தால் இல்லை, கூட்டம் காலையிலிருந்தே இருக்கிறது, நாலு இருபதுக்கு எச் இருந்தது என்று நான் நோட்டைத் திறந்து காட்டினேன். யாரும் பார்க்கவில்லை.

என் கேள்விக்கு விடை கிடைக்க ஏழு வருடம் ஆயிற்று. கல்லூரியில் சேர்ந்தபோது எனக்கென்று வாங்கித்தந்த போனில் எதையோ தேடப்போய், உள்ளே ஒரு பட்டியலைப் பார்த்தேன். எந்தத் தலைமுறை நெட்வொர்க் வேண்டும் என்று அது கேட்டது. 'டூ ஜி மட்டும்' என்பது கடைசி வரி. அதைத் தொட்டால் ஊரில் எத்தனை டவர் இருந்தாலும் போன் ஈக்கு மேல் ஏறாது. யாராவது விரலால் தொட்டால் மட்டுமே அப்படி ஆகும். அன்றே அத்தையைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் சிங்கப்பூரிலிருந்து, ஃபோர் ஜியில், முகம் முழுக்கத் தெரிய, மடியில் இரண்டாவது பிள்ளையை வைத்துக்கொண்டு, "இவ்ளோ நாள் ஆச்சா உனக்கு, இன்ஜினியரம்மா?" என்றாள். பின்னால் மாமாவின் வழுக்கைத் தலை ஒன்று குறுக்கே போனது.

ஆனால் அந்தச் சனிக்கிழமை இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? உடைந்த நெற்றி மறைந்து இரண்டு நிமிடத்தில் போன் மறுபடி அடித்தது. இந்த முறை படமில்லாத சாதாரண அழைப்பு. அத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நான் பேசறேன் அண்ணா. நீங்க எல்லாம் கீழ போங்க."

அப்பா தயங்கினார். அம்மா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஜிக்கள் பின்னால் இறங்கினார்கள். நான் மட்டும் படியின் மேல் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டேன். எச் திரும்பி வந்தால் சொல்ல ஆள் வேண்டுமே.

"வணக்கம், சொல்லுங்க" என்றாள் அத்தை. அது லாட்ஜ் குரல். உடனே தானே சிரித்துக்கொண்டு, "இல்லங்க, பழக்க தோஷம். ரூமெல்லாம் காலி இல்ல, இன்னைக்கி பௌர்ணமி" என்றாள். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, கொஞ்ச நேரம் லாட்ஜைப் பற்றியும் கப்பலைப் பற்றியும் பேச்சு போனது. பிறகு அவள் குரல் நிதானமாயிற்று.

"நான் ஒன்னு சொல்லணும். போட்டோல வலது பக்கம்தான் தெரியும். வேணும்னே அப்படி எடுத்தாங்க. இடது கன்னத்துல வெள்ளையா இருக்கு. காதுகிட்ட ஆரம்பிச்சி உள்ளங்கை அகலம். நாலு வருஷமா. ஒட்டுற வியாதி இல்ல. போகும்னு டாக்டர் சொல்லல. இதச் சொல்லிட்டுதான் மத்ததெல்லாம் பேசணும்னு நெனச்சேன்."

தெருமுனையில் நடக்கிறவர்களின் 'அரோகரா' மட்டும் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கொடிக்கம்பத்தை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிடைத்த நேரத்தையெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த சங்கதியைச் சொல்லி வீணாக்குகிறாளே, அவரை அங்கே நல்ல டவர் இருக்கிற இடமாகப் பார்த்து நிற்கச் சொல்லக்கூடாதா என்று எனக்குத் தவிப்பாக இருந்தது.

"என்னாது?" என்றாள் அத்தை திடீரென்று. "அதுக்கா ஹெல்மெட் போட்டு போட்டோ அனுப்புனீங்க?"

கம்பத்தைப் பிடித்திருந்த கை விடுபட்டு வாயைப் பொத்தியது.

"முன்னாடி மட்டுமா, மொத்தமுமா?... அய்யய்யோ... இப்பவுமா போட்டிருக்கீங்க? கழட்டுங்க, காத்து படட்டும்!"

அதன் பிறகு அந்த மாடியில் கேட்ட சிரிப்பை நான் அதுவரை கேட்டதில்லை. அப்பா ஜிக்களைப் பற்றிச் சொன்ன அன்று சிரித்ததைவிடவும் பெரிது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான்கு நாள் உழைப்பு பாழாகி, முகமே பார்க்காமல் ஒரு பெண் பார்க்கும் சடங்கு நடந்துகொண்டிருக்கிறது, இவளுக்குச் சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினேன். கூடத்தில் எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

"எல்லாம் போச்சுப்பா. இன்னும் ஈதான்."

"பேச்சு?" என்றாள் அம்மா.

"பேசிக்கிட்டேதான் இருக்காங்க. ஹெல்மெட்டப் பத்தி."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்ப் பாயசத்தில் முந்திரியைக் கை நிறைய அள்ளிப் போட்டாள். தோற்றுப்போன காரியத்துக்கு எதற்கு இவ்வளவு முந்திரி என்று எனக்கு விளங்கவில்லை.

ஐந்தே முக்காலுக்கு அத்தை இறங்கி வந்தாள். எழுபத்து மூன்று நிமிடம். அவள் முகம் சிவந்திருந்தது. திட்டு இருந்த பக்கம் கூடச் சிவந்தாற்போல் இருந்தது. என்னைப் பிடித்து இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"மூஞ்சியே பாக்கலியே அத்த" என்றேன், அழுகையோடு.

"அவரும்தான் பாக்கல" என்றாள், அதைவிட நல்ல செய்தி உலகத்திலேயே இல்லை என்பது போல.

எனக்கு இருவர் மேலும் பரிதாபமாக இருந்தது. பொழுது சாய்ந்ததும் மாடிக்கு ஓடினேன். மலைக்குப் பின்னால் வெளிச்சம் இன்னும் போகவில்லை. எதிர்ப்பக்கம் நிலவு அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. தெருமுனையில் நடந்தவர்களெல்லாம் ஒரு கணம் நின்று மலையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நானும் வட்டத்துக்குள் நின்று கைகளைக் கூப்பி, பாவம் அத்தைக்கு அடுத்த தடவையாவது எச் கிடைக்க வேண்டும் என்று அண்ணாமலையாரிடம் மனதார வேண்டிக்கொண்டேன்.